டிரம் பிரேக் ஷூ: வரலாறும் சிறிய கார்களுக்கான தேர்வும்

பிரேக் ஷூ என்பது, சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு டிரம்மின் உட்சுவரில் அழுந்தி வண்டியின் வேகத்தைக் குறைக்கும் பிறை வடிவ உறுப்பு ஆகும். இதன் எலும்புக்கூடு எஃகால் ஆனது. அதன் வெளிவளைவில் ஒட்டப்பட்டோ ரிவெட் அடிக்கப்பட்டோ இருக்கும் உராய்வுப் பட்டைக்கு லைனிங் என்று பெயர். பிரேக் மிதியை அழுத்தும்போது தேய்வது இந்த லைனிங்தான். டிரம்மை விட லைனிங் முதலில் தேய வேண்டும் என்பதே இதன் அமைப்பின் அடிப்படை.

இன்றும் உலகின் பெரும்பாலான சிறிய கார்களில் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்கும் உள்ளன. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை அறிந்தால், தேய்ந்த ஷூவுக்கு மாற்று வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

மரக்கட்டையும் தோலும்

குதிரை வண்டிக் காலத்தில் சக்கரத்தின் இரும்புப் பட்டத்தில் மரக்கட்டையை அழுத்தி வண்டியை நிறுத்தினர். முதல் மோட்டார் வண்டிகளும் இதே முறையைப் பின்பற்றின. 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா பென்ஸ், தம் மகன்கள் இருவருடன் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு மோட்டார் வண்டியில் சென்றார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட இப்பயணத்தில் இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. வழியில் பாவுஷ்லாட் என்னும் ஊரில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் கட்டைகளின் மேல் தோலை அறைந்து வாங்கிக்கொண்டார். தேய்வதற்கென்றே தனி மேலுறை என்ற எண்ணத்துக்கு, அதாவது லைனிங்குக்கு, இது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

அதே 1888-ஆம் ஆண்டு ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ரப்பர் டயர் பரவியதும் சக்கரத்தின் விளிம்பில் கட்டையை அழுத்தும் முறை பயன்படாமல் போயிற்று. டயரைத் தேய்க்காமல் சக்கரத்தை நிறுத்த வேறு இடம் தேவைப்பட்டது. சக்கரத்தோடு இணைந்த தனி உருளையே அந்த இடம். தொடக்கத்தில் உருளையின் வெளிப்புறத்தில் ஒரு பட்டையைச் சுற்றி இறுக்கினர். மழைநீரும் சேறும் பட்டையில் புகுந்தால் பிடி தளர்ந்தது. மேட்டில் நின்ற வண்டி பின்னோக்கி உருண்டதும் உண்டு.

1902-இல் பிரான்சைச் சேர்ந்த லூயி ரெனோ, உருளையின் உட்புறத்தில் விரியும் ஷூக்களைக் கொண்ட டிரம் பிரேக்கை உருவாக்கினார். உராயும் பகுதி மூடிய கூட்டுக்குள் போனதால் நீரும் மண்ணும் எளிதில் தொடவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத்தோடு உலோகம் உரசிய அந்த பிரேக் பெரும் சத்தம் எழுப்பியது. அது பரவலாவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை டிரம்மே ஆட்சி செய்தது.

லைனிங்கின் கதை

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் குதிரை வண்டிகளின் பிரேக் கட்டைகளை மேம்படுத்த முயன்று, 1897-இல் ஒரு தொழிலைத் தொடங்கினார். அதுவே ஃபெரோடோ நிறுவனம். பருத்தி போன்ற இழைகளை நெய்து பிசினில் ஊறவைத்த அவரது லைனிங் மரத்தைவிட நன்றாகப் பிடித்தது. ஆனால் மோட்டார் வண்டியின் வேகத்தில் பருத்தி கருகியது. வேகம் இரு மடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த ஆற்றல் முழுவதும் லைனிங்கிலும் டிரம்மிலும் வெப்பமாக மாறுகிறது. வெப்பத்தைத் தாங்கும் இழையாக அன்று கிடைத்தது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். மலிவு, வலிமை, தீயில் எரியாமை ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்ததால் அடுத்த எழுபது ஆண்டுகள் உலகின் லைனிங்குகளில் அதுவே நிறைந்திருந்தது.

மிதியின் விசையைக் கம்பியும் நெம்புகோலும் கொண்டு நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பங்கிடுவது கடினம். ஒரு கம்பி சற்று நீண்டாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. மால்கம் லாக்ஹீட் உருவாக்கிய திரவ அழுத்த முறை இதைத் தீர்த்தது. 1921-இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்குடன் வந்தது. ஃபோர்டு நிறுவனம் 1939 மாதிரிகளில்தான் இம்முறைக்கு மாறியது.

முன்னே டிஸ்க், பின்னே டிரம்

டிரம் பிரேக்குக்கு ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. இரண்டு ஷூக்களில் ஒன்றைச் சுழலும் டிரம் தன்னோடு இழுத்து மேலும் அழுத்துகிறது. அது லீடிங் ஷூ. மற்றொன்றை டிரம் விலக்கித் தள்ளுகிறது. அது டிரெய்லிங் ஷூ. லீடிங் ஷூவால் சிறிய மிதி விசையும் பெரிய பிடியாகிறது. ஆனால் தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் சூடாகி விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடியும் குறையும். மலை இறக்கத்தில் மிதி ஆழமாக இறங்குவது இதனால்தான்.

1953-இல் லே மான் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்றது. 1955-இல் வந்த சிட்ரோவன் டி.எஸ். காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் இருந்தது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. வெப்பமும் அங்கேதான் மிகுதி. பின்சக்கரத்துக்குக் குறைந்த வேலையே மிஞ்சுவதால் அங்கு டிரம் போதுமானது. விலை குறைவு, ஹேண்ட் பிரேக்கை எளிதாக இணைக்கலாம், லைனிங் நீண்ட நாள் உழைக்கும் ஆகிய காரணங்களும் சேர்ந்து டிரம்மைப் பின்சக்கரத்தில் நிலைநிறுத்தின.

மினி: ஓர் எடுத்துக்காட்டு

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் பிரிட்டனில் வெளிவந்த மினி கார் இவ்வரலாற்றைத் தன்னுள் அடக்கியது. தொடக்கத்தில் அதன் நான்கு சக்கரங்களிலும் 7 அங்குல டிரம் பிரேக்குகள் இருந்தன. 1961-இல் வந்த மினி கூப்பரின் முன்சக்கரங்களில் டிஸ்க் வந்தது. 1964-இல் சாதாரண மினியின் முன் டிரம்களில் இரண்டும் லீடிங் ஷூவாக அமைந்தன. 1984-இல் எல்லா மினிகளுக்கும் முன் டிஸ்க் பொதுவாயிற்று. ஆனால் 2000-இல் உற்பத்தி நிற்கும் வரை பின்சக்கரத்தில் டிரம்மே இருந்தது.

வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் தெரிந்தாலும் மினியின் பின்சக்கர வீல் சிலிண்டர்களின் உள்விட்டம் மாதிரிக்கு மாதிரி வேறுபட்டது. முன் பிரேக் மாறும்போதெல்லாம் பின் பிரேக்கின் பங்கையும் பொறியாளர்கள் மாற்றி அளந்தனர் என்பதே இதன் பொருள். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முன்பாகப் பூட்டிக்கொண்டால் வண்டி சாலையில் சுழன்றுவிடும். ஆகவே பின் பிரேக்கில் பிடி அதிகமாவது நன்மை அன்று. சரியான அளவு பிடியே தேவை.

கல்நார்த் தூசி

லைனிங் தேயும்போது உண்டாகும் தூசி டிரம்முக்குள்ளேயே தங்குகிறது. மெக்கானிக்குகள் டிரம்மைக் கழற்றிக் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வது வழக்கமாக இருந்தது. அந்தத் தூசியில் கல்நார் இழைகள் இருந்தன.

1924-இல் வில்லியம் குக் என்ற மருத்துவர், கல்நார் நூற்பாலையில் பணிபுரிந்து நுரையீரல் நோயால் 33 வயதில் இறந்த பெண்ணின் நிலையை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் விவரித்தார். 1931-இல் பிரிட்டன் கல்நார்த் தொழிற்சாலைகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. அவ்விதிகள் ஆலைக்குள் வேலை செய்தவர்களையே எண்ணின. தெருவோரப் பட்டறையில் டிரம்மை ஊதியவரை எண்ணவில்லை. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் காரணமும் விளைவும் ஒன்றையொன்று சந்திக்காமலே போயின. 1999-இல் பிரிட்டன் கல்நாரை முழுவதும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2005-இல் முழுமையடைந்தது. இந்தியாவில் முழுத் தடை இல்லை. கல்நார் இல்லாத லைனிங்குகளில் கண்ணாடி இழை, அராமிட் இழை, எஃகு இழை, பிசின் முதலியவற்றின் கலவை பயன்படுகிறது.

இந்தியாவில் பிரேக் தொழில்

இந்திய பிரேக் தொழிலில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூக்காஸ் கெர்லிங் நிறுவனமும் சேர்ந்து 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. இதன் ஆலை பாடியில் அமைந்தது. 1964-இல் ரானே பிரேக் லைனிங், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகியவை தொடங்கப்பட்டன. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் சிறிய கார் நடுத்தரக் குடும்பங்களின் வாகனமாயிற்று. அதன் பின்சக்கரத்திலும் டிரம்மே இருந்தது.

மாற்று ஷூவைத் தேர்ந்தெடுத்தல்

பின்சக்கர ஷூவை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. அளவு: டிரம்மின் உள்விட்டமும் ஷூவின் அகலமும் பொருந்த வேண்டும். ஒரே பெயருடைய காரில்கூட ஆண்டுக்கு ஆண்டு பிரேக் அமைப்பு மாறியிருக்கலாம். சில ஐரோப்பிய சிறிய கார்களில் ஒரே காலத்தில் இரு வேறு நிறுவனங்களின் பிரேக்குகள் பொருத்தப்பட்டன. காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது போதாது. பழைய ஷூவை அருகில் வைத்து, துளைகளும் நெம்புகோல் இருக்கும் பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

2. உராய்வுக் குறியீடு: பல லைனிங்குகளின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து இயல்பு வெப்பத்திலும், இரண்டாவது மிகு வெப்பத்திலும் உள்ள பிடியைக் குறிக்கும். ஈ எனில் 0.25 முதல் 0.35, எஃப் எனில் 0.35 முதல் 0.45, ஜி எனில் 0.45 முதல் 0.55. காரோடு வந்த லைனிங்குக்கு நெருக்கமான குறியீடே ஏற்றது. உயர்ந்த எழுத்து என்பதாலேயே அது சிறந்தது ஆகாது.

3. தரச்சான்று: ஐக்கிய நாடுகள் அவையின் 90-ஆம் எண் வாகன விதிப்படி, மாற்று லைனிங்கின் செயல்திறன் அசல் லைனிங்கிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. அவ்விதிப்படி சான்று பெற்றவற்றில் வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும்.

4. இரு பக்கமும் ஒருசேர: ஒரு சக்கரத்தில் மட்டும் ஷூ மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நான்கு ஷூக்களையும் ஒரே தொகுப்பாக மாற்றுவதே முறை.

5. டிரம்மும் வீல் சிலிண்டரும்: அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச உள்விட்டம் பெரும்பாலும் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதைத் தாண்டிய டிரம்மில் புது ஷூ போட்டுப் பயனில்லை. வீல் சிலிண்டரிலிருந்து ஆயில் கசிந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆயில் நனைந்த லைனிங் கழுவினாலும் தேறாது.

6. தூசி: பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். காற்றால் ஊதாமல், முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு.

மீண்டும் டிரம்

2020-இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் ஐ.டி.3 மின்சாரக் காரின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக் பொருத்தப்பட்டது. மின்சாரக் காரில் மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால் பிரேக்குக்கு வேலை குறைவு. பயன்படாத டிஸ்க் துருப்பிடிக்கும், மூடிய டிரம் அவ்வளவு எளிதில் துருப்பிடிக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய யூரோ 7 விதிகள் முதன்முறையாக பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்துள்ளன. தூசியைத் தன்னுள் அடைத்து வைக்கும் டிரம்மின் இயல்பு ஒரு காலத்தில் மெக்கானிக்கின் நுரையீரலுக்குத் தீங்காயிற்று. கல்நார் நீங்கிய பின் அதே இயல்பு தெருவில் நடப்பவருக்கு நன்மையாகிறது.