தோற்றவர்களின் தகுதி: ராக்கி மார்சியானோவின் எதிராளிகளை மதிப்பிடுவது எப்படி?

1956 ஏப்ரலில் ராக்கி மார்சியானோ ஓய்வை அறிவித்தபோது, தொழில்முறைக் குத்துச்சண்டையில் அவர் மோதிய 49 போட்டிகளிலும் வென்றிருந்தார். அவற்றில் 43 நாக்-அவுட் வெற்றிகள். ஹெவிவெயிட் வரலாற்றில் இந்தக் கணக்கு பெற்ற புகழ் வேறெந்தக் கணக்குக்கும் கிடைத்ததில்லை. கூடவே ஒரு குற்றச்சாட்டும் அன்றுமுதல் தொடர்ந்து வருகிறது: அவர் வீழ்த்திய பெரிய பெயர்களெல்லாம் வயதாகித் தளர்ந்தவர்கள் என்பது. ஜோ லூயிக்கு அப்போது 37 வயது. ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38. ஆர்ச்சி மூருக்கு 41. புகழ்பவர்கள் தோல்வியின்மையைக் காட்டுகிறார்கள், மறுப்பவர்கள் பிறந்த தேதியைக் காட்டுகிறார்கள். இரு தரப்பும் ஒரே பிழையைச் செய்கின்றன என்பதே என் வாதம். எதிராளியின் தகுதி அவருடைய பெயரிலும் இல்லை, வயதிலும் இல்லை. சாம்பியனோடு மோதிய அந்த மாதங்களில், சாம்பியன் அல்லாத மற்றவர்களுக்கு எதிராக அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் அந்த 49. மார்சியானோவின் முதல் 16 வெற்றிகளும் நாக்-அவுட். பெரும்பாலும் ராட் தீவின் பிராவிடன்ஸ் நகரில், வளரும் வீரனுக்குப் பழக்கம் கொடுப்பதற்காக ஏற்பாடான போட்டிகள் அவை. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. எல்லா வீரர்களும் அப்படித்தான் வளர்க்கப்படுகிறார்கள். ஆனால் அந்தப் பதினாறையும் 1952இல் வால்காட்டிடம் பெற்ற வெற்றியையும் ஒரே அலகாக எண்ணிக் கூட்டும் கணக்கு எதையும் அளப்பதில்லை. 2017இல் ஃபிளாய்ட் மேவெதர் 49ஐத் தாண்டி 50ஐத் தொட்டது, அதற்கு முன் தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒருமுறைகூட மோதியிராத கானர் மெக்ரிகரை வென்றுதான். எண்ணிக்கை ஒன்று கூடியது. மேவெதரின் தரத்தைப் பற்றி அந்த ஒன்று எதுவும் சொல்லவில்லை.

ஆகவே சான்றுகளைக் காலத்தால் பிரிக்க வேண்டும். மோதலுக்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில் எதிராளி யாரை வென்றார், யாரிடம் தோற்றார் என்பது முதன்மையான சான்று. மோதலுக்குப் பின் அவர் செய்தது அடுத்தது. இந்த இரண்டாம் சான்றை எடைபோடும்போது பலர் கவனிக்காத ஒரு சமமின்மை இருக்கிறது. சாம்பியனிடம் தோற்ற பிறகும் ஒருவர் பெரிய வெற்றிகளைப் பெற்றால், மோதிய நாளில் அவர் தீர்ந்துபோனவர் அல்ல என்பது உறுதி. ஆனால் தோற்ற பிறகு அவர் சரிந்தால், முன்பே சரிந்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது. அந்தத் தோல்வியே அவரை உடைத்திருக்கலாம். பிந்தைய உயர்வு வலுவான சாட்சி, பிந்தைய வீழ்ச்சி பலவீனமான சாட்சி. மார்சியானோ பற்றிய விவாதங்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைப் பார்க்காமலே நடந்து முடிகின்றன.

வால்காட்டை எடுத்துக்கொள்வோம். 38 வயது என்பது மட்டும் தெரிந்தவருக்கு அவர் கிழவர். அதற்கு முந்தைய பதினான்கு மாதங்களைப் பார்த்தவருக்கு அவர் உலகின் முதல் ஹெவிவெயிட். 1951 ஜூலையில் பிட்ஸ்பர்க்கில் எஸார்ட் சார்ல்ஸை ஏழாம் சுற்றில் ஒரே இடது ஹூக்கில் வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். 1952 ஜூனில் அதே சார்ல்ஸைப் புள்ளிகளில் வென்று அதைக் காத்தார். மூன்று மாதங்கள் கழித்து, செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில், முதல் சுற்றிலேயே மார்சியானோவைத் தரையில் தள்ளினார். மார்சியானோ தன் தொழில் வாழ்வில் விழுந்தது அதுவே முதல்முறை. பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது தீர்ப்பளித்த மூவரின் அட்டைகளிலும் வால்காட்டே முன்னிலை. பதின்மூன்றாம் சுற்றில் அவர் கயிற்றோரம் பின்வாங்கியபோது இருவரும் ஏறக்குறைய ஒரே கணத்தில் வலது கையை வீசினார்கள். மார்சியானோவின் குத்து முந்தியது. வால்காட் முழங்காலில் மடிந்து, இடது கை கயிற்றில் தொங்க, தலை தரையைத் தொடச் சரிந்தார். தளர்ந்தவரை வீழ்த்திய காட்சி அல்ல அது. பட்டத்தை ஏறத்தாழக் காப்பாற்றிவிட்ட சாம்பியனை ஒரே குத்தில் முடித்த காட்சி. அடுத்த ஆண்டு சிகாகோவில் முதல் சுற்றிலேயே முடிந்த மறுமோதலுக்கு இந்த மதிப்பு கிடையாது. அதைத் தள்ளிவைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இவர்கள் ஏன் இவ்வளவு வயதானவர்களாக இருந்தார்கள் என்ற கேள்வியைக் குற்றச்சாட்டை எழுப்புகிறவர்கள் கேட்பதே இல்லை. வால்காட் பட்டம் வென்றது தன் ஐந்தாம் முயற்சியில், 37 வயதில். மூர் 1930களின் நடுவிலிருந்து தொழில்முறையில் இருந்தவர். லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது 1952 டிசம்பரில்தான். அதற்காகச் சாம்பியன் ஜோயி மாக்சிமுக்கு 1 லட்சம் டாலர் உத்தரவாதம் தரவேண்டியிருந்தது. சார்ல்ஸ் தன் மிகச் சிறந்த எடையான லைட் ஹெவிவெயிட்டில் ஒருமுறைகூடப் பட்டத்துக்கு மோத அனுமதிக்கப்படவில்லை. சார்லி பர்லி போன்ற கறுப்பின வீரர்களுக்கு உலகப் பட்ட மோதலே கிடைக்காமல் போனது. அவர்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதிக்கொள்ள வேண்டியிருந்ததால், அவர்களுடைய கணக்கில் தோல்விகள் ஏறின. போர் நடந்தபோது ஹெவிவெயிட் பட்டம் ராணுவத்தில் இருந்த லூயியிடம் முடங்கிக் கிடந்தது. நிறவெறியும் பட்டங்களைக் கையில் வைத்திருந்த முகவர்களும் போரும் சேர்ந்து ஒரு தலைமுறையைக் காக்கவைத்தன. அந்த வரிசையில் நின்றவர்களின் வயதைக் காட்டி அவர்கள் தகுதியைக் குறைப்பது, அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை இரண்டாம் முறை செய்வதாகும். அவர்களுடைய தோல்விகளின் எண்ணிக்கையை வைத்து அவர்களை எடைபோடுவதும் அப்படியே.

மூரின் விஷயத்தில் முந்தைய சான்றும் பிந்தைய சான்றும் ஒன்றையே சொல்கின்றன. 1955 மே மாதம் லாஸ் வேகாஸில் கியூபாவின் நினோ வால்டஸை வென்றார். ஜூனில் மிடில்வெயிட் சாம்பியன் போபோ ஓல்சனை மூன்றாம் சுற்றில் வீழ்த்தினார். செப்டம்பரில் யாங்கீ மைதானத்தில், இரண்டாம் சுற்றில் மார்சியானோவைத் தரையில் தள்ளி, ஒன்பதாம் சுற்றில் தான் வீழ்ந்தார். அதன்பின் லைட் ஹெவிவெயிட் பட்டத்தைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். 1958இல் மான்ட்ரியாலில் இவோன் டுரெலிடம் நான்கு முறை விழுந்தும் எழுந்து பதினோராம் சுற்றில் அவரை முடித்தார். 1955இல் மூர் முடிந்துபோனவர் என்று சொல்பவர், 1958ஐ விளக்கக் கடமைப்பட்டவர். 1956இல் 21 வயது ஃபிளாய்ட் பேட்டர்சனிடம் ஐந்தாம் சுற்றில் வீழ்ந்ததைச் சிலர் எதிர்ச் சான்றாகக் காட்டுவார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை: ஹெவிவெயிட் எடையில் மூர் வெல்ல முடியாதவராக ஒருபோதும் இருந்ததில்லை. அந்தத் தோல்வி அவருடைய மதிப்பைச் சற்றுக் குறைக்கிறது, அழிக்கவில்லை.

சார்ல்ஸ்தான் கடினமான வழக்கு. 1940களில் மூரை மூன்று முறை வென்றவர் அவர். அந்தச் சார்ல்ஸை மார்சியானோ சந்திக்கவில்லை. 1953இல் வால்டஸிடமும் ஹரால்ட் ஜான்சனிடமும் தோற்ற சார்ல்ஸைத்தான் சந்தித்தார். ஆனால் 1954 ஜனவரியில் பாப் சாட்டர்ஃபீல்டை இரண்டாம் சுற்றில் வீழ்த்தியவரும் இதே சார்ல்ஸ்தான். வயது 32. ஜூனில் பதினைந்து சுற்றுகளும் நின்று மோதினார். பட்டம் பிடித்த பின் மார்சியானோவோடு இறுதிவரை நின்ற ஒரே வீரர் அவர். செப்டம்பர் மறுமோதலின் ஆறாம் சுற்றில் மார்சியானோவின் மூக்கைப் பிளந்தார். துவாரத்தை ஒட்டிச் சதை பிரிந்து, சுற்றுக்குச் சுற்று உதவியாளர்கள் முயன்றும் இரத்தம் நிற்கவில்லை. மருத்துவர் போட்டியை நிறுத்திவிடக்கூடிய நிலை. எட்டாம் சுற்றில் மார்சியானோ முடித்துவிட்டார். அதற்குப் பிறகு சார்ல்ஸ் வேகமாகச் சரிந்தார். நான் முன்பு சொன்ன சமமின்மை இங்கேதான் பொருந்துகிறது: அந்தச் சரிவைப் பின்னோக்கி 1954 மீது ஏற்றுவதற்கு நமக்கு உரிமையில்லை.

லூயியின் கதை வேறு. 1950இல் சார்ல்ஸிடம் தோற்ற பின் அவர் எட்டுப் போட்டிகளை வரிசையாக வென்றிருந்தார் என்பது உண்மை. ஆனால் அந்த எட்டில் முன்வரிசை வீரர்கள் ஓரிருவரே. 1951 அக்டோபரில் எட்டாம் சுற்றில் கயிறுகளுக்கு இடையே விழுந்தவர் லூயி என்ற பெயரைத் தாங்கியவர்; பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மாக்ஸ் ஷ்மெலிங்கை ஒரே சுற்றில் நொறுக்கியவர் அல்ல. மார்சியானோவின் புகழில் அதிகம் பேசப்படும் இந்த வெற்றி, அவருடைய வெற்றிகளில் குறைந்த எடையுள்ளவற்றுள் ஒன்று. அதே ஆண்டு ஜூலையில் அவர் ஆறாம் சுற்றில் வீழ்த்திய ரெக்ஸ் லேன் யாருடைய நினைவிலும் இல்லை. லேன் இளைஞர், முந்தைய ஆண்டு வால்காட்டை வென்றவர், அடுத்த ஆண்டு சார்ல்ஸையும் புள்ளிகளில் வென்றார். பெயரை விட்டுச் சான்றைப் பார்த்தால், லேனை வென்றது லூயியை வென்றதைவிடப் பெரியது. கிழவர்களை மட்டுமே வென்றார் என்ற குற்றச்சாட்டுக்கும் இதுவே நேரடி மறுப்பு.

இந்த முறை ஒரு வட்டத்தில் சுற்றுகிறது என்று கேட்கலாம்: வால்காட் சார்ல்ஸை வென்றதால் சிறந்தவர், சார்ல்ஸ் மூரை வென்றதால் சிறந்தவர், மூர் வால்டஸை வென்றதால். வட்டம்தான்; ஆனால் அதற்குள் மார்சியானோ இல்லை என்பதே முக்கியம். அவர் பெயரை முற்றிலும் நீக்கிவிட்டாலும் 1950 முதல் 1955 வரையிலான ஹெவிவெயிட் வரிசையை இந்த மோதல்களிலிருந்தே கட்டியெழுப்ப முடியும். அதன் உச்சியில் வால்காட்டும் சார்ல்ஸும் மூருமே நிற்பார்கள். வால்காட்டும் மூரும் அவரைத் தரையில் தள்ளியது எதிராளியின் வலிமையைக் காட்டவில்லை, சாம்பியனின் குறையைத்தான் காட்டுகிறது என்ற மறுப்பு இன்னும் கூர்மையானது. அந்த விழுதல்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது சரி. அதனால்தான் களத்துக்குள் நடந்ததைத் துணைச் சான்றாக மட்டுமே கொண்டேன். எதிராளியின் தரம் வெளிச் சான்றால் நிறுவப்பட்ட பிறகே அதற்கு எடை.

மீதமிருப்பது அவர் மோதாதவர்கள். 1953க்கும் 1955க்கும் இடையே முன்வரிசையில் நின்ற வால்டஸுக்குப் பட்ட வாய்ப்புத் தரப்படவில்லை. 1955 மே மாதம் அது பிரிட்டனின் டான் காக்கெலுக்குப் போனது. வால்டஸை மூர் இருமுறை வென்றார், மூரை மார்சியானோ வென்றார் என்பது இந்தக் குறையைப் பாதியளவு நிரப்புகிறது, முழுவதும் அல்ல. காக்கெலுக்குப் பதில் வால்டஸ் நின்றிருக்க வேண்டும். வால்காட்டுடன் முதல் மோதல், சார்ல்ஸுடன் இரண்டு, மூருடன் ஒன்று, அவற்றோடு லேன்: இந்த ஐந்தின் மேல்தான் மார்சியானோவின் இடம் நிற்கிறது. எஞ்சிய 44ஐ எடுத்துவிட்டாலும் அந்த இடம் அசையாது.