பாட்டியின் சாவிக்கொத்து

எங்கள் பாட்டியின் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். நெல் அறை, நகைப் பெட்டி, பத்திரங்கள் இருக்கும் பீரோ, எல்லாவற்றுக்கும் சாவி அதில்தான். வீட்டில் மூன்று மருமகள்கள். ஒருத்தி கைக்கும் அந்தக் கொத்து போனதில்லை.

"அவர்கள் மேல் நம்பிக்கை இல்லையா, பாட்டி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நம்பிக்கை இருக்கிறதனாலேதாண்டா கொடுக்கல்லே. நாளைக்கு ஒரு சாமான் குறைஞ்சா மூணு பேரையும் நான் சந்தேகப்படணுமே!" என்றாள் பாட்டி.

சென்ற மாதம் என் மருமானின் காரியாலயத்துக்குப் போயிருந்தபோது அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. வரும் வருஷத்தின் வரவு செலவைக் கம்ப்யூட்டரில் திட்டமிடுகிற பிரிவு அவனுடையது. கோயமுத்தூர்க் கிளைக்காரர் தம் கிளைக் கணக்கை மட்டுமே எழுதலாம். மதுரைக் கணக்கு அவர் கண்ணிலேயே படாது. எழுதுகிறவர் அங்கீகரிக்க முடியாது. அங்கீகரிக்கிறவர் எழுத முடியாது. அங்கீகாரம் ஆன எண்ணை அப்புறம் யாரும் தொட முடியாது. நான் அசந்து போனேன்.

"ஆனால் வருஷக் கடைசியில் அவசரம் வந்துவிடும், மாமா. அப்போது நாலைந்து பேருக்கு எல்லாக் கதவையும் திறந்து விட்டுவிடுவோம். நம்ம ஆட்கள்தானே!" என்று சிரித்தான் அவன்.

"நம்ம ஆட்கள்தானே" என்ற சொல்லுக்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற கல்விக் கழகத்தில், 1961-ஆம் ஆண்டு, பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரும் அவர் குழுவினரும் ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில் பயன்படுத்த வழி கண்டார்கள். பல பேர் என்றதும் என்னுடையது, உன்னுடையது என்ற பேச்சும் வந்துவிட்டது. ஆகவே ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். மறு வருஷமே ஆலன் ஷெர் என்ற மாணவர் அந்தச் சொற்களையெல்லாம் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். வாரத்துக்கு அவருக்குக் கிடைத்த நாலு மணி நேரம் போதவில்லையாம்! சுமார் கால் நூற்றாண்டு கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார்.

அது வெறும் களவு. 1966-இல் நடந்ததோ களவே இல்லை. எல்லோருடைய கடவுச்சொற்களும், தினம் உள்ளே வருகிறவர்களுக்குக் காட்டும் அறிவிப்பும் நிர்வாகத்தின் ஒரே அறையில், சொல்லப்போனால் ஒரே கோப்புத் தொகுப்பில், இருந்தன. ஒரு சமயத்தில் ஒருவர்தான் அதற்குள் வேலை செய்யலாம் என்பது விதி. நிர்வாகிகள் நாளடைவில் ஒரு டஜன் பேர் ஆகிவிட்டார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லை. "எங்களுக்கு மட்டும் விதியைத் தளர்த்துங்கள், ஜாக்கிரதையாக இருப்போம்" என்று கார்பட்டோவிடம் கெஞ்சினார்கள். அவரும் இணங்கினார்.

திருத்தும் புரோகிராம் ஒவ்வொரு முறையும் ஒரு தாற்காலிகப் பிரதி எடுக்கும். அதற்கு எப்போதும் ஒரே பெயர்தான். ஒருவர் மட்டும் இருந்தவரை தொல்லை இல்லை. ஒரு நாள் ஒருவர் அறிவிப்பையும் மற்றொருவர் கடவுச்சொற் பட்டியலையும் ஒரே சமயத்தில் திருத்தினார்கள். பிரதிகள் இடம் மாறிவிட்டன. அதன் பிறகு உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அத்தனை பேருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன! கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. சலுகை ஒன்றுதான் குற்றவாளி. கார்பட்டோ பின்னாளில் ஒரு பெரிய பரிசு பெற்றபோது, தம் சொற்பொழிவில் ஒளிவு மறைவின்றி இந்தக் கதையைச் சொன்னார்.

சலுகை கெட்டவன் கையில் போனால் என்ன ஆகும் என்பதை லண்டன் பேரிங்ஸ் வங்கி காட்டியது. 1762-இல் தொடங்கிய பழம் பெருமை வாய்ந்த வங்கி அது. சிங்கப்பூரில் அதற்காகப் பேரம் பேசியவர் நிக் லீஸன். அந்தப் பேரங்களைக் கணக்கில் பதிந்து சரிபார்க்கும் பிரிவுக்கும் அவரே தலைவர். கெட்டிக்காரப் பையன், லாபம் கொண்டு வருகிறான், அவனைப் போய்த் தொந்தரவு செய்வானேன்? நஷ்டங்களையெல்லாம் 88888 என்ற கணக்கில் அவர் ஒளித்து வைத்தார். இரண்டு பொறுப்பும் ஒருவரிடம் இருப்பது தவறு என்று 1994-இல் வங்கியின் உள் தணிக்கையாளர்களே எழுதினார்கள். காகிதம் காகிதமாகவே கிடந்தது. 1995 பிப்ரவரியில் வங்கி கவிழ்ந்தது. நஷ்டம் 82.7 கோடி பவுன். ஐ.என்.ஜி. என்ற டச்சு நிறுவனம் அந்த வங்கியை ஒரே ஒரு பவுனுக்கு வாங்கிற்று. லீஸன் சிறைக்குப் போனார். அவரை நம்பித் தட்டிக் கொடுத்தவர்களின் உத்தியோகமும் போயிற்று.

எழுதுகிறவன் ஒருவன், சரிபார்க்கிறவன் வேறொருவன் என்ற ஏற்பாடு கெட்டவனைப் பிடிக்க மட்டுமல்ல. நல்லவன் மேல் பழி விழாமல் காப்பதும் அதுதான். திறந்த கதவுக்குள் ஒரு எண் மாறிப்போனால், உள்ளே போன நாலைந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதானே?

இதையெல்லாம் மருமானுக்குக் கடிதமாக எழுதினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: "மாமா, போன வருஷக் கடைசியில் திறந்த கதவுகளில் ஏழு இன்னும் மூடவே இல்லை. அதில் ஒன்று, வேலையை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆன ஒருவருடையது. இன்று எல்லாவற்றையும் மூடிவிட்டேன்."

பாட்டி இருந்திருந்தால், "ஐந்து மாசமா?" என்று கேட்டு, இடுப்புக் கொத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.