வீட்டு முயலுக்கு உலர்புல்: வைக்கும் இடமும் முறையும்

உலர்புல் என்பது கதிர் வந்து விதை முற்றும் முன்பே புல்லை அறுத்து, பச்சை நிறமும் மணமும் போகாதபடி காயவைத்த தீவனம். செல்லப்பிராணிக் கடைகளில் ‘ஹே’ என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். தமிழில் இதை வைக்கோல் என்று சொல்லிவிடுகிற வழக்கம் உண்டு. வைக்கோல் நெல்லடித்த பின் மிஞ்சும் தாள், சத்து குறைந்தது. முயலுக்கு அது படுக்கையாகலாம், சாப்பாடு ஆகாது. மராத்தியிலும் புல்லுக்குக் ‘கவத்’, வைக்கோலுக்குப் ‘பெண்டா’ எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. மும்பையை அடுத்த கல்யாண் போன்ற ஊரில் தீவனக் கடையில் எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்கிறோமோ அதற்கேற்ற மூட்டைதான் வீடு வந்து சேரும்.

வீட்டு முயல் ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தது. நம் நாட்டுக் காட்டுமுயல் வேறு இனம். குழிமுயலின் உடல் புல் தின்பதற்கென்றே அமைந்தது. அதன் 28 பற்களும் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லைத் தாடை பக்கவாட்டில் அசைத்து அரைக்கும்போதுதான் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து அளவோடு நிற்கின்றன. கேரட்டையோ தீவனக் குச்சியையோ நொறுக்குவதில் அந்த அரைப்பு இல்லை. புல்லின் முரட்டு நார் குடலைத் தொடர்ந்து இயங்க வைக்கிறது. மென்மையான பகுதி பெருங்குடல்வாயில் நுண்ணுயிரிகளால் நொதித்து, பளபளப்பான மென்புழுக்கையாக வெளிவருகிறது. முயல் அதை ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து விழுங்கிவிடும். அருவருப்பான பழக்கமாகத் தோன்றினாலும் உயிர்ச்சத்தும் புரதமும் அதற்கு இந்த வழியிலும் கிடைக்கின்றன. வளர்ந்த முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கடைகளில் பெரிதும் கிடைப்பது திமோத்திப் புல். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களில் இதைப் பரப்பிய திமோத்தி ஹான்சன் என்ற விவசாயியின் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. குளிர்நாட்டுப் புல் என்பதால் மும்பைப் பக்கம் விற்பது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. விலையும் அதற்கேற்ப இருக்கும். குதிரைமசாலையும் உலர்த்தி விற்கிறார்கள். அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அது நல்லது. வளர்ந்த முயலுக்கு அதையே அன்றாடம் வைத்தால் மிகுதிச் சுண்ணாம்பு சிறுநீரில் இறங்கி, சுண்ணாம்புக் குழம்பு போல வெளுத்து, சில வேளை கல்லாகவும் ஆகிவிடும்.

நம் மண்ணின் புற்களும் இதற்குத் தாழ்ந்தவையல்ல. கொழுக்கட்டைப்புல், மார்வெல் புல், அருகம்புல் எல்லாம் உரிய பருவத்தில் அறுத்துக் காயவைத்தால் முயல் விரும்பித் தின்னும். கல்யாணுக்குக் கிழக்கே முர்பாட், ஷஹாபூர் தாலுகாக்களின் மேட்டுநிலங்களில் மழை ஓய்ந்ததும் புல் அறுப்பு நடக்கும். எருமைத் தொழுவங்களுக்குக் கட்டுக்கட்டாகப் போவது இத்தகைய புல்தான். வாங்குவதற்கு முன் ஒரு பிடியை வெள்ளைத் துணியில் உதறிப் பார்க்க வேண்டும். பழுப்புத் தூள் கொட்டினாலோ, புழுங்கிய நெடி வந்தாலோ அந்தக் கட்டு வேண்டாம். ஊசிப்புல் கலந்திருந்தால் அதன் முள்போன்ற விதை உதட்டிலும் கண்ணிலும் தைக்கும்.

தமிழ்நாட்டில் மன்னவனூர், சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையங்களை ஒட்டி வளர்ந்த முயல் பண்ணை அனுபவம் பெரியது. வெள்ளை ராட்சதம், சோவியத் சின்சில்லா என்ற முயல் வகைப் பெயர்கள் அங்கிருந்தே பரவலாகத் தெரிய வந்தன. ஆனால் பண்ணைத் தீவன அட்டவணையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவது தவறு. பண்ணையில் சில மாதங்களில் எடை கூட வேண்டும் என்பது கணக்கு. வீட்டு முயலோ எட்டு, பத்து ஆண்டு வாழ வேண்டியது. அடர்தீவனம் அதைக் கொழுக்க வைக்குமே தவிர பல்லைத் தேய்க்காது.

உலர்புல் வைப்பதற்குச் சிறந்த இடம், வளர்ப்பவர்கள் எதிர்பார்க்காத இடம்: முயல் கழிக்கும் தட்டின் ஓரம். முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி. அதை வேறு இடத்தில் பழக்க முயல்வதை விட, அகலமான தட்டில் செய்தித்தாள் விரித்து, அதன் ஒரு முனையில் புல்லையும் மறுமுனையில் கழிப்பிடத்தையும் வைத்துவிட்டால் இரண்டு வேலையும் ஒரே இடத்தில் முடியும்; வீட்டுத் தரையும் தப்பும். முயலுக்கு மூக்குக்கு நேர் முன்னால் கண் தெரியாது. மேலுதட்டாலும் மீசையாலும் தடவித் தடவி ஒரு புல்தாளைப் பிடித்து, பக்கவாட்டில் இழுத்து, மேல்நுனி முதல் அடிவரை வாய்க்குள் விட்டுக்கொள்ளும். அப்போது அதன் பின்பக்கம் தட்டுக்குள் இருப்பதே வசதி.

சுவரில் மாட்டும் புல்கூடையின் அடிப்பக்கம் முயலின் தலைமட்டத்தில் இருக்க வேண்டும். உயரத்தில் மாட்டினால் அண்ணாந்து இழுக்கையில் தூசியும் துரும்பும் கண்ணில் விழும். தரையில் வெறுமனே குவித்தால் மிதித்து நனைத்துவிடும். நனைந்ததைப் பிறகு தொடாது. உருண்டைக் கம்பிக் கூண்டு, வலைப்பை, சுருள்வில் மூடியுள்ள கூடை ஆகியவற்றில் தலையோ காலோ சிக்கிய விபத்துகள் உண்டு. ஒரு பக்கம் வெட்டிய அட்டைப்பெட்டி இவை எல்லாவற்றையும் விடப் பாதுகாப்பானது. கடித்தே தீர்த்துவிட்டாலும் நட்டமில்லை. ஆனால் ஒட்டுப்பட்டையையும் இரும்பு ஊசிகளையும் முன்பே பிய்த்தெறிந்துவிட வேண்டும். அளவு பார்க்கும் எளிய முறை, முயலின் உடல் எவ்வளவோ அவ்வளவு புல் ஒரு நாளைக்கு. அதற்கு மேல் போனாலும் தீங்கில்லை. தட்டு காலியாகக் கிடப்பதுதான் தீங்கு. இரண்டு முயல்கள் இருந்தால் இரண்டு இடத்தில் வைப்பது சண்டையைக் குறைக்கும்.

கல்யாணிலிருந்து சத்திரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் ஏறத்தாழ 54 கிலோமீட்டர். காலை லோக்கல் பிடித்துப் போனவர் திரும்பும்போது இருட்டிவிடும். கீரையோ பழமோ அதுவரை தாங்காது, உலர்புல் தாங்கும். முயல் வைகறையிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக மேயும் என்பதால், கிளம்பும் முன் ஒரு பிடி, வந்ததும் பழையதை உதறிவிட்டுப் புதிதாக ஒரு பிடி என்ற ஒழுங்கு அதன் இயல்புக்கும் பொருந்துகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பால்கனியில் தட்டு வைக்கலாகாது. 30 டிகிரிக்கு மேல் முயல் திணறும், தீனியும் குறைந்துவிடும்.

இந்த ஊரில் உலர்புல்லுக்குப் பெரிய எதிரி மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஈரத்தில், வெளியே நன்றாயிருக்கும் கட்டு நடுவில் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளிருக்கும் ஈரமே அதைக் கெடுக்கும். பருத்திச் சாக்கிலோ ஓட்டையுள்ள பெட்டியிலோ போட்டு, தரையில் படாமல் பலகைமேல், சுவரைத் தொடாமல் வைப்பது பழைய வழி. மழைக்கு முன் மொத்தமாக வாங்காமல் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் வாங்குவதும் நல்லது. பூஞ்சை பட்டதை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடக் கூடாது. நிறம் மாறினாலும் நஞ்சு போகாது.

புல்லைத் தொடாத முயல் அடம்பிடிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அடர்தீவனம் அதிகமாகப் பழகியிருந்தால் அதைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கொத்தமல்லித் தழையைப் புல்லுக்குள் சொருகிவைத்தால் தேடித் தின்னும். முன்பு தின்ற முயல் திடீரென நிறுத்தினால் கடைவாய்ப் பல் கூர்ந்து நாக்கைக் குத்துவது ஒரு காரணமாகலாம். நலமான முயலின் புழுக்கை உருண்டு, உலர்ந்து, நசுக்கினால் புல்துரும்பாக உதிரும். அது சிறுத்தோ, முடியால் கோக்கப்பட்ட மணிமாலை போலவோ வந்தால் குடல் மந்தமாகிறது. 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருக்கும் முயலை மறுநாள் வரை வைத்துப் பார்க்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.