கங்காணி என்னும் பதவியும் கங்காணியின் வேலையும்

நிறுவனங்களைப் பற்றிய ஆய்வுகளில் பதவி, செயல்பாடு என்னும் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. பதவி என்பது ஒருவர் அமரும் இடம். பெயரும் ஊதியமும் அதிகாரமும் அதனுடன் வருகின்றன. செயல்பாடு என்பது அமைப்பு இயங்குவதற்கு நடந்தாக வேண்டிய வேலை. அதைச் செய்பவர் காலந்தோறும் மாறலாம். இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது கேரள எல்லைப்புறத் தோட்டங்களின் வரலாறு. இடுக்கியின் மூணாறு, பீருமேடு, பாலக்காட்டின் நெல்லியாம்பதி ஆகிய மலைகளில் தலைமுறைகளாக உழைத்து வருபவர்களில் தமிழர் கணிசமானோர்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் கண்காணி என்னும் சொல் கோயிற் காரியங்களை மேற்பார்வையிடுவோரைக் குறித்தது. கண்ணால் காணுதல் என்னும் செயலே அங்குப் பெயராக நின்றது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கை, மலாயா, தென்னிந்திய மலைத்தோட்டங்களில் அச்சொல் கங்காணி என வழங்கி, ஒரு பதவிக்கு உரியதாயிற்று.

1877இல் ஜே. டி. மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற பின்னர், அங்குத் தோட்டத்தொழில் வேரூன்றியது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரை, கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்து வந்தனர். பதவியின் பெயர் மேற்பார்வையை மட்டுமே சொன்னது. ஆனால் ஆள் சேர்ப்பது, கடன் கொடுப்பது, கூலிக் கணக்குப் பார்ப்பது, லயத்துச் சச்சரவைத் தீர்ப்பது, துரையிடம் தொழிலாளிக்காகப் பேசுவது என எல்லாம் அந்த ஒருவரிடமே சேர்ந்திருந்தன. கடன் கொடுத்தவரே தொழிலாளியின் குரலாகவும் இருந்தார். கங்காணி முறையின் கொடுமை பெரிதும் இந்தச் சேர்க்கையில்தான் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மாறியது. குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கியது. தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றன. லயங்களில் பிறந்த பிள்ளைகளே வேலைக்கு வந்ததால் சமவெளிக்குச் சென்று ஆள் திரட்டும் தேவை குறைந்தது. கங்காணி என்னும் பதவி மறைந்தது. மேற்பார்வை சூப்பர்வைசரிடமும் கூலிக் கணக்கு அலுவலகத்திடமும் சென்றன. தொழிலாளிக்காகப் பேசும் வேலை சங்கத் தலைவர்களிடம் சென்றது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1949இல் முன்வைத்த கருத்து இங்குப் பொருந்துகிறது. ஓர் அமைப்பை அகற்றுவோர், அது ஆற்றிவந்த செயல்பாடுகளுக்கு மாற்று வழி காணாவிடில் அந்த அகற்றல் நிலைக்காது என்றார் அவர். மூணாற்றில் மாற்று இருந்தது. அது தன் வேலையைச் செய்ததா என்னும் வினா 2015 செப்டம்பரில் எழுந்தது.

2005இல் கண்ணன் தேவன் தோட்டங்கள் புதிய நிறுவனத்தின் கைக்கு வந்தபோது 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அதன் பங்குதாரர்களாயினர். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் பங்குதாரர் என்னும் பெயர் கிடைத்தது. அவர் அன்றாடம் செய்த வேலை மாறவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின், முந்தைய ஆண்டு 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். பெம்பிளை ஒருமை என்று அறியப்பட்ட அப்போராட்டம் சங்கத் தலைவர்களை அருகே விடவில்லை. அத்தலைவர்கள் நிர்வாகத்தின் பக்கம் நிற்கிறார்கள் என்பதே அப்பெண்களின் குற்றச்சாட்டு. ஒன்பது நாள் மறியலுக்குப் பின் 8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத்தொகை என மொத்தம் 20 விழுக்காடு ஏற்கப்பட்டது.

அந்த ஒன்பது நாள்களில் பேசும் பதவி சங்கத்திடம் இருந்தது. பேசும் வேலையை எந்தப் பதவியும் இல்லாத பெண்கள் செய்தனர். அவர்களும் அதே ஆண்டின் உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களை வென்று பதவிக்கு வந்தனர். பின்னர் அமைப்பு பிளவுபட்டு வலுவிழந்தது.

தோட்ட வரலாற்றை எழுதுவோர் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிட்டால், கங்காணி முறை ஒழிந்த கதை மட்டுமே எஞ்சும். தொழிலாளிக்காக எந்தக் காலத்தில் யார் பேசினார், அவர் யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்று கேட்கும்போதுதான், கங்காணியின் வேலைகளில் எவை ஒழிந்தன, எவை கைமாறின என்பது தெரியவரும்.