வரிப் படிவத் தயாரிப்பாளர் (அமெரிக்கா)

கட்டணம் பெற்றுக்கொண்டு பிறருடைய வருமான வரிப் படிவங்களை நிரப்பித் தருபவர். தனித்துத் தொழில் செய்வோர் பலர். கூட்டரசின் வருவாய்த் துறையான ஐஆர்எஸ் தரும் பிடிஐஎன் அடையாள எண் இருந்தால் போதும். தயாரிப்பாளர்கள் தேர்வு எழுத வேண்டுமென்று 2011இல் வந்த விதி, துறைக்கு அந்த அதிகாரம் இல்லையென்று நீதிமன்றத்தில் தோற்றது. 2014இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. கலிபோர்னியா, ஓரிகன் போன்ற சில மாநிலங்கள் மட்டும் தனி விதிகள் வைத்துள்ளன. குறைந்த வருமானக்காரர்கள் பெரிதும் இவர்களையே நம்பியிருப்பதால் தேர்வு இல்லாதது சிறிய குறையல்ல.

முதலாளிகள் ஊதியச் சான்றான டபிள்யூ-2ஐ ஜனவரி 31க்குள் தந்ததும் வேலை சூடுபிடிக்கும். வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 15. உழைப்பு வருமானச் சலுகையைப் பிள்ளையின் பேரில் கோரும் தாய் வந்தால், பிள்ளை ஆண்டில் பாதிக்கு மேல் அவருடன் வசித்ததா என்று விசாரித்து, பதில்களைக் குறித்துவைத்து, 8867 படிவத்தையும் நிரப்ப வேண்டும். விசாரிக்காமல் விட்டால் அபராதம் தயாரிப்பாளருக்கே. வாடிக்கையாளர் 8879 படிவத்தில் கையொப்பமிட்ட பிறகே மின்வழித் தாக்கல். அவகாசம் கேட்டால் அக்டோபர் 15 வரை படிவத்தைத் தள்ளிப்போடலாம். ஆனால் வரிப்பணத்தை ஏப்ரலிலேயே கட்டியாக வேண்டும்.