தொடக்கப்பள்ளிக் கணினிக் கல்வி (இங்கிலாந்து)

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் 5 முதல் 11 வயது வரையான மாணவர்களுக்கு உரிய கணினிப் பாடம். இன்றைய வடிவில் 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

பின்னணி: 1981-இல் வெளிவந்த பிபிசி மைக்ரோ கணினி, நிரலாக்கத்தைப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தது. பின்னர் வந்த தகவல் தொடர்புத் தொழில்நுட்பப் பாடம், தட்டச்சு, அட்டவணை என அலுவலக மென்பொருள்களோடு நின்றுவிட்டதாக விமர்சிக்கப்பட்டது. 2012-இல் ராயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கையும் இக்குறையைச் சுட்டியது.

பாடப்பொருள்: 5–7 வயதினர் படிமுறை என்றால் என்ன என்று அறிந்து, எளிய நிரல்களை எழுதிப் பிழை திருத்துகிறார்கள். சொந்த விவரங்களை வெளியிடாமல் காப்பதையும், இணையத்தில் மனத்தைக் கலக்கும் எதையேனும் கண்டால் யாரிடம் சொல்வது என்பதையும் கற்கிறார்கள். 7–11 வயதினருக்கு இணையம் இயங்கும் விதம், தேடுபொறி முடிவுகளைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் முறை, கண்ணில் பட்டதை எல்லாம் நம்பாமல் எடைபோடுதல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன.

கற்பிக்கும் முறை: சிறு வகுப்புகளில் பரவலாகப் பயன்படுவது ‘பீ-பாட்’ என்னும் தேனீ வடிவ ரோபோ. அதன் முதுகிலுள்ள அம்புக்குறிப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 15 செ.மீ. நகரும், திரும்பும்போது 90 பாகை திரும்பும். தரையில் விரித்த கட்ட விரிப்பில் அது வழி தவறினால், எந்த அழுத்தம் பிழை என்று குழந்தைகளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மேல் வகுப்புகளில், கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ‘ஸ்கிராட்ச்’ பெரிதும் பயன்படுகிறது.