ஈ, தா, கொடு: இரப்போர் வாய்ச்சொற்களின் வரலாறு

புதுச்சேரியில் அச்சேறிய தமிழ்–பிரெஞ்சு அகராதிகளுள் முசே, துப்புயி என்னும் பாதிரியார் இருவரும் தொகுத்தது முதன்மையானது. அதன் முதற்பகுதியை மிஷன் அச்சகம் 1855இலும் இரண்டாம் பகுதியை 1862இலும் வெளியிட்டது. ஈ, தா, கொடு என்னும் மூன்று வினைகளுக்கும் பிரெஞ்சில் பொதுவாக நிற்பது 'தொனே' என்னும் ஒரே வினையாகும். பொருள் பெயர்ந்துவிடும், யார் யாரிடம் கேட்கிறார் என்னும் செய்தி பெயராது. பழந்தமிழ் இலக்கணம் முதன்மை அளித்ததோ அச்செய்திக்கே.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் இவ்வினைகளை ஈரிடங்களில் ஆராய்கிறது. கிளவியாக்கத்தில் அளவுகோல் இடம் ஆகும். தரு, வரு என்பன தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல், கொடு என்பன படர்க்கைக்கு உரியன. 'எனக்குத் தந்தான்', 'உனக்குத் தந்தான்' என்பதும் 'அவனுக்குக் கொடுத்தான்' என்பதும் இவ்விதியின் வழி அமைவன. எச்சவியலில் அளவுகோல் மாறுகிறது. இரக்கும்போது தாழ்ந்தோன் ஈ என்றும், ஒத்தோன் தா என்றும், உயர்ந்தோன் கொடு என்றும் கூறுவான் என்கிறது அவ்வியல்.

இரண்டாவது விதியைச் சமூக மரியாதை பற்றிய தனி விதியாகக் கொள்வதே வழக்கம். அது முதல் விதியிலிருந்தே கிளைத்தது எனக் கொள்வது பொருந்தும். அதற்கான சான்றைத் தொல்காப்பியரே வைத்துள்ளார். கொடு என்பது படர்க்கைச் சொல்லாயிற்றே, உயர்ந்தோன் தனக்கு வேண்டும்போது அதனை எவ்வாறு ஆளலாம் என்னும் ஐயத்தை எதிர்நோக்கியவர்போல், தன்னைப் பிறன்போலக் கூறும் குறிப்பினால் அது தன்னிடத்தும் இயலும் என விளக்குகிறார். கேட்கும்போதே தன்னை மூன்றாமவனாக்கி விலகி நிற்பதே உயர்ந்தோனின் உயர்வு. தா என்பவனோ கேட்கப்படுபவனுடன் ஒரே வட்டத்துள் நிற்கிறான். ஒப்புமை அங்கே பிறக்கிறது. 'எழுதரு', 'போதரு' போன்ற சங்கச் சொல்லாட்சிகளில் தரு துணைவினையாய் நின்று பேசுவோனை நோக்கிய திசையைக் குறித்தலும் இங்கு எண்ணத்தக்கது. ஈ என்பதற்கு இடவரையறை கூறப்படவில்லை. தாழ்ந்தோனுக்கு எஞ்சியது திசையற்ற அச்சொல்லே போலும்.

இலக்கணம் கூறியது இலக்கியத்தில் உயிர்பெறுவதைப் புறநானூற்றின் 204ஆம் பாடலில் காணலாம். வல்வில் ஓரியை நோக்கிக் கழைதின் யானையார் பாடியது அது. இரத்தலை இழிவு என்னுமிடத்து ஈ என்னும் வினையும், கேளாமலே வழங்குதலை உயர்வு என்னுமிடத்துக் கொடு என்னும் வினையும் வருகின்றன. இதனைப் பாடுபவர் பரிசில் நாடி வந்த புலவர் என்பது மறக்கத்தக்கதன்று. பரிசில் கிட்டாதபோது புள்ளையும் பொழுதையும் நொந்துகொள்ளும் அவர், ஓரியை வெறுக்கவில்லை என்கிறார். தம் நிலைக்கு இலக்கணம் விதித்த சொல்லையே இழிவு எனப் பெயர்சுட்டிவிட்டு, அதைத் தம் வேண்டுகோளாகச் சொல்லாமலே பாட்டை முடிக்கிறார். மூன்று வினைகளுக்கும் ஒரே சொல்லை இடும் மொழிபெயர்ப்பில் மறைந்துபோவது இம்மானமே.

திருக்குறள் இச்சொல்லை மறுபக்கம் திருப்புகிறது. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, ஏனையவை கைம்மாறு கருதியவை என 23ஆம் அதிகாரம் தொடங்குகிறது. இரப்போன் வாய்ச்சொல் ஈவோனின் அறத்திற்குப் பெயராயிற்று. பேச்சில் வழக்கிழந்த அவ்வினை, ஈகைத் திருநாள் போன்ற தொடர்களில் இன்றும் வாழ்கிறது.

இவ்வாட்சிகளைத் தேடித் தொகுக்கும் உழைப்பைக் குறைத்ததும் புதுச்சேரியே. 1955இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு நிறுவனம், பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது.

இடம் சுட்டும் கொடைவினை தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளம் 'தருக', 'கொடுக்குக' என்னும் வேறுபாட்டைப் பேணுகிறது. ஜப்பானிய மொழியில் எனக்குத் தருவது 'குரேரு', பிறர்க்குக் கொடுப்பது 'அகேரு'. தருபவர் உயர்ந்தவராயின் 'குரேரு' என்பது 'குதசாரு' ஆகும். இடமும் தகுதியும் அங்கும் பிணைந்தே நிற்கின்றன. யாழ்ப்பாணப் பேச்சிலும் 'எனக்குத் தா', 'அவருக்குக் குடு' என்னும் பாகுபாடு நிலைத்துள்ளது. புதுச்சேரித் தெருக்களில் 'எனக்குக் குடு' என்பதே பெருவழக்கு. தொல்காப்பியர் அளவுகோலின்படி அது உயர்ந்தோன் கூற்று.